வாயுப் பகுப்பாய்வுக் கருவிகளில் குழாய் இணைப்புகளை மாற்றுதல்

தொழிற்கூடங்களில் வாயுக்களை அளக்கும் கருவி எவ்வளவு நுண்மையானதாயினும், தன்னிடம் வந்து சேரும் வாயுவையே அது அளக்கிறது. உலையிலோ புகைபோக்கியிலோ உள்ள வாயு நீண்ட குழாய் வழியே வந்து, வடிகட்டி, குளிர்விப்பான், பம்பு, ஓட்டமானி ஆகியவற்றைக் கடந்த பின்னரே கருவியை அடைகிறது. இவ்வழியில் இருபது முப்பது இடங்களிலேனும் குழாயும் குழாயும் இணைகின்றன. இவ்விணைப்புகளைத் தொழிலாளர் பிட்டிங் என்றே வழங்குவர். இவற்றுள் ஒன்று தளர்ந்தால் போதும். கருவி பிழையின்றி இயங்கிக்கொண்டே பொய்யான எண்ணைக் காட்டும். பழுதடைந்த கருவி பெரும்பாலும் தன் பழுதைத் தானே அறிவித்துவிடும். தளர்ந்த இணைப்பு எதையும் அறிவிப்பதில்லை. இதனாலேயே இணைப்புகளை மாற்றும் பணி, சிறு பணியாகத் தோன்றினும், கருவியைத் திருத்தும் பணிக்கு ஈடான கவனத்தை வேண்டுகிறது.

இதனை விளக்கப் பெங்களூரில் நடைபெற்றுவரும் ஓர் ஆராய்ச்சி நல்ல எடுத்துக்காட்டாகும். 1909-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றதும், இன்றும் அந்நகர மக்களில் பலரால் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே அழைக்கப்பெறுவதுமாகிய இந்திய விஞ்ஞானக் கழகத்தில், 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து விறகு முதலிய தாவரப் பொருள்களை எரிவாயுவாக மாற்றும் உலைகள் ஆராயப்பட்டு வருகின்றன. போதிய காற்றின்றி விறகை எரித்தால் அது முழுதும் சாம்பலாகாமல், எரியக்கூடிய வாயுக்களைத் தருகிறது. இக்கலவைக்குப் புரொடியூஸர் வாயு என்று பெயர். அக்கழகத்தில் உருவான, மேற்புறம் திறந்த உலையைக் கொண்டு தும்கூர் மாவட்டத்தின் ஹொசஹள்ளி என்னும் சிற்றூருக்கு 1988-ஆம் ஆண்டு மின்விளக்கு வழங்கப்பட்டது.

இவ்வுலை தரும் வாயுவில் கார்பன் மானாக்ஸைடு ஏறத்தாழ 19 சதவீதம், ஹைட்ரஜன் 18 சதவீதம், மீதேன் ஒன்றரை சதவீதம், கரியமில வாயு 12 சதவீதம் என்றவாறு அமையும், எஞ்சியது நைட்ரஜன். ஆக்ஸிஜன் ஏறக்குறைய இருக்கவே கூடாது. ஒரு கன மீட்டர் கார்பன் மானாக்ஸைடு 12.6, ஹைட்ரஜன் 10.8, மீதேன் 35.8 மெகாஜூல் வெப்பம் தருமெனக் கொண்டு கணக்கிட்டால், இக்கலவையின் வெப்ப மதிப்பு கன மீட்டருக்கு ஏறத்தாழ 4.9 மெகாஜூல் எனப் பெறப்படும். உலை நன்கு வேலை செய்கிறதா, எஞ்சினுக்குத் தகுந்த வாயு வருகிறதா என்பதை இவ்வெண்ணே தீர்மானிக்கிறது.

இனி, மாதிரிக் குழாயின் ஓர் இணைப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு காற்று உட்புகுவதாகக் கொள்வோம். வெப்ப மதிப்பு 4.9-லிருந்து 4.6 ஆகக் குறைந்து தோன்றும். விறகு ஈரமாக இருந்தாலும் வெப்ப மதிப்பு இவ்வாறே குறையும். கணக்கைப் பார்ப்பவர் விறகைக் குறை கூறுவார். உலர்த்தும் ஏற்பாட்டை மாற்றச் சொல்வார். பல நாள் உழைப்பு வீணாகும். குறையோ ஒரு நட்டில் இருக்கும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய வழியுண்டு. காற்று கலந்தால் எல்லா வாயுக்களும் ஒரே விகிதத்தில் குறையும். 19 என்பது 18 ஆகும்போது 12 என்னும் கரியமில வாயுவும் 11.4 ஆகும். ஈரம் மிகுந்தால் அவ்வாறன்று. கார்பன் மானாக்ஸைடு குறைய, கரியமில வாயு கூடும். மேலும், காற்று கலந்த மாதிரியில் ஆக்ஸிஜன் தலைகாட்டும். காற்றில் அது 20.9 சதவீதமாதலால், ஐந்து பங்கு காற்றுக்கு ஏறத்தாழ ஒரு சதவீத ஆக்ஸிஜன் தோன்றும். ஆகவே புரொடியூஸர் வாயுவை அளப்போருக்கு ஆக்ஸிஜன் அளவி ஒரு காவற்காரன் போன்றது. எனினும் ஓர் எச்சரிக்கை தேவை: தோன்றும் ஆக்ஸிஜன் மாதிரிக் குழாயில் புகுந்ததாகவும் இருக்கலாம், உலைக்குப் பின்னுள்ள பெருங்குழாயிலேயே புகுந்ததாகவும் இருக்கலாம். முன்னது அளவுப் பிழை. பின்னது வெடிவிபத்துக்கு வித்து. எதுவென்று தெளியும்வரை உலையைத் தொடர்ந்து ஓட்டுதல் தகாது.

உள்நோக்கிய கசிவும் வெளிநோக்கிய கசிவும்

மாதிரியை இழுக்கும் பம்பு வழியின் இடையே அமைந்திருக்கும். பம்புக்கு முன்னுள்ள குழாய்களில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே இணைப்பு தளர்ந்தால் காற்று உள்ளே புகும். பம்புக்குப் பின் அழுத்தம் மிகுதி. அங்கே தளர்ந்தால் வாயு வெளியேறும். முன்னதில் அளவு கெடுகிறது, பின்னதில் ஆள் கெடுகிறான். எந்த இணைப்பை மாற்றப் போகிறோமோ அது பம்புக்கு எந்தப் பக்கத்தில் உள்ளதென்று முதலில் அறிந்துகொள்ளாமல் ஸ்பானரைக் கையில் எடுக்கலாகாது.

பள்ளி ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். பானம் பருகும் உறிஞ்சுகுழலின் நடுவே ஊசியால் ஒரு துளையிட்டு, நிறமேற்றிய நீரை ஒரு மாணவனை உறிஞ்சச் சொல்லுக. நீர்ப்பரப்புக்கு மேலே உள்ள துளை வழியே காற்றும் புகுந்து நீருடன் கலந்து வருவதைக் காணலாம். பின்னர் துளையும் நீருள் இருக்கும்படி குழலை அமிழ்த்தி மறுமுனையை விரலால் மூடி ஊதச் சொன்னால், அதே துளையிலிருந்து குமிழிகள் வெளிவரும். துளை ஒன்றே, திசையைத் தீர்மானிப்பது அழுத்தம். இவ்வளவு எளிய சோதனை, சில சமயம் நீண்ட விரிவுரையைவிடப் பயன் தருகிறது.

வெளிநோக்கிய கசிவின் கடுமையைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. கருவி அறை 30 கன மீட்டர் கொள்ளளவு உடையதென்க. கார்பன் மானாக்ஸைடுக்கு மணமில்லை, நிறமில்லை. எட்டு மணி நேர வேலைக்குப் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பது தொழிற்கூடங்களில் வழங்கிவரும் ஒரு வரம்பு. அவ்வறையில் இவ்வரம்பை எட்ட ஒன்றரை லிட்டர் கார்பன் மானாக்ஸைடு போதும். இணைப்பு சற்றே தளர்ந்து நிமிஷத்துக்கு 10 மில்லிலிட்டர் புரொடியூஸர் வாயு கசிந்தால், காற்றோட்டமற்ற அறையில் அவ்வரம்பை அடையப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். குழாயே கழன்று நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் வெளியேறினாலோ எட்டு நிமிஷம்கூட ஆகாது. கதவைத் திறந்துவைத்து வேலை செய்தல், எச்சரிக்கை மணியுள்ள வாயு அளவியை உடன் வைத்திருத்தல், இருவராகச் செல்லுதல் ஆகியவை வெறும் சடங்கல்ல என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

இரட்டை வளைய இணைப்பு

பழைய ஆய்வுக்கூடங்களில் கண்ணாடிக் குழாய்களை ரப்பர்க் குழாயால் இணைத்தனர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கத்துக்கு வந்த ஆர்சாட் கருவி இத்தகையது. அதில் 100 மில்லிலிட்டர் வாயுவை அளந்தெடுத்துப் பொட்டாஷ் கரைசலில் கரியமில வாயுவையும், பைரோகலால் கரைசலில் ஆக்ஸிஜனையும், குப்ரஸ் குளோரைடு கரைசலில் கார்பன் மானாக்ஸைடையும் முறையே உறிஞ்சச் செய்து, ஒவ்வொரு முறையும் குறையும் கன அளவைக் காண்பர். அடைப்பானை மூடி, சமநிலைப் புட்டியை உயர்த்தித் தாழ்த்திவைத்துச் சிறிது நேரம் நீர்மட்டம் அசையாதிருக்கிறதா என்று பார்ப்பது அதன் கசிவுச் சோதனை. இன்றும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதனைச் செய்துகாட்டும் ஆசிரியர், கசிவு பற்றிய அறிவின் பாதியைக் கற்பித்தவராவார்.

இப்பொழுது தொழிற்கூடக் கருவிகளில் எவர்சில்வர்க் குழாயும், அதனைப் பற்றும் இரட்டை வளைய இணைப்புமே பெரிதும் வழங்குகின்றன. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1947-ஆம் ஆண்டு பிரெட் லென்னன் என்பார் தொடங்கிய நிறுவனம் ஸ்வேஜ்லாக் என்ற பெயரில் இவ்வகையைப் பரப்பியது. பின்னர் வேறு பலரும் இவற்றைச் செய்யலாயினர். இதில் நான்கு உறுப்புகள் உள்ளன: உடல், நட்டு, முன் வளையம், பின் வளையம். வளையங்களைத் தொழிலாளர் பெரூல் என்பர். நட்டைத் திருகும்போது அது பின் வளையத்தைத் தள்ள, பின் வளையம் முன் வளையத்தை உடலின் கூம்பு வாய்க்குள் தள்ளுகிறது. முன் வளையம் வாயு கசியாமல் அடைக்கிறது. பின் வளையம் குழாயைச் சுற்றிலும் கடித்துப் பிடிக்கிறது. அடைப்பது ஒன்று, பிடிப்பது மற்றொன்று என்ற இந்தப் பங்கீட்டில்தான் இதன் சிறப்பு உள்ளது.

இவ்வமைப்பில் மரை எதையும் அடைப்பதில்லை. அது வளையங்களைத் தள்ளும் விசையை மட்டும் தருகிறது. எனவே இந்த நட்டின் மரையில் டெப்லான் நாடாவைச் சுற்றுவதால் பயனில்லை. நாடாத் துணுக்குகள் வழியினுள் சென்று நுண்துளைகளை அடைப்பதே மிச்சம். நாடா வேண்டுவது இணைப்பின் மறுபுறம், வால்வுடனோ கருவியுடனோ சேரும் கூம்பு மரைக்கு மட்டுமே. அங்கும் முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றவேண்டும். நாடா சுற்றும் பழக்கம் குடிநீர்க் குழாய் வேலையிலிருந்து வந்தது. அங்கு நல்லது, இங்கும் நல்லதென்று கொள்வது பரவலான தவறு.

புதிய இணைப்பைப் பொருத்தும் முறை பின்வருமாறு. குழாயை வெட்டுவதற்கு உருளைக் கத்தியுள்ள குழாய்வெட்டியே தக்கது. ரம்பத்தால் வெட்டினால் முனை கோணலாகும். இரும்புத்தூள் உள்ளே தங்கும். வெட்டிய முனையின் உள்ளும் புறமும் உள்ள பிசிறுகளை நீக்கவேண்டும். குழாயின் வெளிப்புறத்தில் நீளவாட்டில் கீறல் இருக்குமாயின், அப்பகுதியை வெட்டி எறிதல் வேண்டும். வளையம் எவ்வளவு இறுகினாலும் அக்கீறல் ஒரு வாய்க்காலாக நின்று வாயுவை விடும். பின்பு குழாயை உடலின் உள் தோளில் முட்டும்வரை செலுத்தி, நட்டை விரலால் இயன்ற அளவு திருகவேண்டும். நட்டின் மீது கடிகாரத்தின் ஆறு மணி நிலையில் ஓர் அடையாளமிட்டு, உடலை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை ஒன்றேகால் சுற்றுத் திருகினால் அடையாளம் ஒன்பது மணி நிலைக்கு வந்து நிற்கும். இது கால் அங்குலம், 6 மில்லிமீட்டர் ஆகிய அளவுகளுக்கு உரியது. எட்டில் ஓர் அங்குலம், 3 மில்லிமீட்டர் போன்ற சிறு குழாய்களுக்கு முக்கால் சுற்றே போதும்.

கைவலிமையைக் கொண்டு இறுக்கத்தை மதிப்பிடுதல் இங்கே பயன்படாது. சுற்றின் அளவே கணக்கு. வலிமையுடையவர் இரண்டு சுற்றுத் திருகிவிட்டு, இனிக் கசியாது என்று மகிழ்வார். அளவுக்கு மீறி நசுங்கிய வளையம் மீண்டும் இறுகும் தன்மையை இழந்துவிடுகிறது. அடுத்தமுறை கழற்றியபின் அதனை எறியத்தான் வேண்டும்.

முன்பே பொருத்திய இணைப்பைக் கழற்றி மீண்டும் மாட்டும்போது முறை வேறு. கழற்றுவதற்கு முன்பே நட்டிலும் உடலிலும் குழாயிலும் ஒரே நேர்கோடாக அடையாளமிடுதல் வேண்டும். மீண்டும் மாட்டும்போது குழாயை முன்னிருந்த இடத்தில் அமர்த்தி, நட்டை அக்கோடு சேரும்வரை திருகி, அங்கே தோன்றும் கடும் தடையை உணர்ந்தபின் மிகச் சிறிதளவே இறுக்கவேண்டும். மறுபடியும் ஒன்றேகால் சுற்றுத் திருகுவோர் இணைப்பைக் கெடுக்கின்றனர். அழுத்தம் உள்ள வழியில் நட்டைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுவதும், அழுத்தம் இருக்கும்போதே இறுக்குவதும் அறவே விலக்கத்தக்கவை. அதற்கென்று வெளியேற்று வால்வு இருக்கிறது.

அளவுகளால் நேரும் மயக்கம்

நம் நாட்டுத் தொழிற்கூடங்களில் அங்குல அளவும் மெட்ரிக் அளவும் அருகருகே வாழ்கின்றன. ஜெர்மனியிலிருந்து வந்த கருவிக்கு 6 மில்லிமீட்டர்க் குழாய். அமெரிக்கக் கருவிக்குக் கால் அங்குலக் குழாய், அதாவது 6.35 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே. 6 மில்லிமீட்டர்க் குழாய் கால் அங்குல இணைப்பினுள் எளிதாக நுழையும், நட்டும் இறுகும், வளையம் மட்டும் சரியாகக் கடிக்காது. வெப்பமும் அதிர்வும் சில வாரம் படிந்தபின் அது நழுவும். கண்ணால் பார்த்து இதனை அறிய முடியாது. வெர்னியர்க் காலிப்பரைச் சட்டைப்பையில் வைத்திராத பணியாளர் இவ்வேலைக்குப் புறப்படலாகாது.

மரைகளிலும் இவ்வாறே. நம் நாட்டுக் குழாய் வேலையில் வழங்கும் பிரிட்டிஷ் மரையின் பற்கோணம் 55 பாகை; அமெரிக்கக் கூம்பு மரையின் கோணம் 60 பாகை. கால் அங்குல அளவில் முன்னதற்கு அங்குலத்துக்கு 19 பற்கள், பின்னதற்கு 18. ஒன்றினுள் மற்றது இரண்டு மூன்று சுற்று ஏறிப் பிறகு இறுகிக்கொள்ளும். இறுகியதால் பொருந்தியது என்று எண்ணிவிடுவர். அரை அங்குல அளவிலோ இரண்டுக்கும் 14 பற்களே ஆதலால் மயக்கம் இன்னும் மிகுதி. அங்கு மரை முழுதும் ஏறியபின்னும் கசியும். ஒரு நிறுவனத்தின் நட்டையும் மற்றொன்றின் வளையத்தையும் கலந்து மாட்டுவதும் இத்தகைய குற்றமே. கிடங்கில் எல்லா வளையங்களையும் ஒரே டப்பாவில் கொட்டிவைப்பது சிக்கனம்போலத் தோன்றினும், உண்மையில் பெருஞ்செலவு.

குழாயின் உட்புற அளவு மாறினாலும் விளைவு உண்டு. உள் விட்டம் 4 மில்லிமீட்டர் உள்ள 30 மீட்டர்க் குழாய் ஏறத்தாழ 380 மில்லிலிட்டர் வாயுவைக் கொள்ளும். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால் உலையில் நேர்ந்த மாறுதல் 23 விநாடியில் கருவியை எட்டும். அதை மாற்றி உள் விட்டம் 6 மில்லிமீட்டர் உள்ள குழாயைப் பொருத்தினால் அதே மாறுதல் 51 விநாடி கழித்தே வந்துசேரும். உலையைக் கருவி பார்த்து இயக்குவோருக்கு இது பெரிய தாமதம்.

எப்பொருள் எங்கு உகந்தது

பித்தளை இணைப்பு மலிவு. உலர்ந்த காற்றுக்கும் நைட்ரஜனுக்கும் அது போதும். ஆனால் அம்மோனியா உள்ள வாயுவில் பித்தளை வெடிப்புக் காணும். ஹைட்ரஜன் சல்பைடு அதனைக் கறுக்கச் செய்வதோடு, தானும் அதில் செலவாகி அளவில் குறைந்து தோன்றும். அங்கெல்லாம் எவர்சில்வரே தக்கது. புகைபோக்கி வாயுவில் கந்தக டையாக்ஸைடை அளப்போர் வேறொன்றையும் நோக்கவேண்டும். வாயுவிலுள்ள நீராவி குளிர்ந்த இடத்தில் நீராகும். அந்நீர் கந்தக டையாக்ஸைடைக் கரைத்துக்கொள்ளும். இதனைத் தடுக்கவே மாதிரிக் குழாயை மின்சாரத்தால் சூடேற்றி 180 பாகை போன்ற வெப்பநிலையில் வைக்கின்றனர். ஆயினும் குழாய் முழுதும் சூடாக இருக்க, இடையில் மாற்றிய இணைப்பு ஒன்று மட்டும் போர்வையின்றி நின்றால், அதுவே குளிர்ந்த திட்டாகி நீரைச் சேர்க்கும். பெங்களூரின் மார்கழிக் காலையில் இது எளிதில் நிகழும். இணைப்பை மாற்றியபின் அதன் மேல் வெப்பப் போர்வையை மீண்டும் சுற்றாமல் விடுவது, களத்தில் அடிக்கடி காணப்படும் குறை.

ரப்பரும் சிலிகோன் ரப்பரும் வாயுக்களை ஓரளவு ஊடுருவ விடுபவை. கரியமில வாயு நிரப்பிய பலூன், காற்று நிரப்பிய பலூனைவிட விரைவில் சுருங்குவதை மாணவருக்குக் காட்டலாம். சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் இருந்தால் போதும். இங்கே பலர் எதிர்பாராத ஓர் உண்மை உண்டு. தூய நைட்ரஜனில் பத்து லட்சத்தில் சில பங்கு ஆக்ஸிஜனை அளக்கும் வழியில், உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிட இரு மடங்காக இருப்பினும் வெளியிலுள்ள ஆக்ஸிஜன் உள்ளே நுழையும். ஏனெனில் ஒவ்வொரு வாயுவும் தனக்குரிய பகுதியழுத்தத்தையே நோக்கிப் பரவுகிறது. வெளியே ஆக்ஸிஜனின் பகுதியழுத்தம் பெங்களூரில் ஏறத்தாழ 190 மில்லிபார். உள்ளே அது சுழி. உள்ளிருக்கும் நைட்ரஜன் எவ்வளவு அழுத்தினும் குழாய்ச் சுவரின் வழியே நிகழும் இப்பரவலைத் தடுப்பதில்லை. ஆகவே அத்தகைய வழியில் ஓர் அடி நீளம் ரப்பர்க் குழாய்கூட ஆகாது.

விறகு வாயுவுக்குத் தனித்தொல்லை ஒன்றுண்டு, அது தார். குளிர்ந்த இணைப்பில் தார் படிந்து வழியை நெருக்கும். நட்டையும் வளையத்தையும் பசைபோல் ஒட்டவைக்கும். அவ்விடத்து இணைப்பை வலிந்து திருகாமல், குழாயைச் சற்று அப்பால் வெட்டிப் புதிய இணைப்பு வைப்பதே பெரும்பாலும் மலிவானது. அசிட்டோனால் கழுவுவதாயின் உலைக்கு எட்டத் திறந்தவெளியில் கழுவி, முற்றும் உலர்ந்தபின் மாட்டவேண்டும். எஞ்சிய ஆவி கருவிக்குச் சென்றால் இல்லாத வாயுவையெல்லாம் அது காட்டும்.

மாற்றியபின் செய்யவேண்டிய சோதனை

சோப்பு நீரைத் தடவிக் குமிழி பார்க்கும் முறை அழுத்தம் மிகுந்த பக்கத்துக்கு மட்டுமே உரியது. உறிஞ்சும் பக்கத்தில் அதனைத் தடவினால் சோப்பு நீர் உள்ளே போகுமேயன்றிக் குமிழி வராது. அங்கே மாதிரிக் குழாயின் முனையை அடைத்துப் பம்பை ஓட்டவேண்டும். ஓட்டமானியின் மிதவை அடியில் இறங்கி அமர்ந்தால் பெருங்கசிவு இல்லை. நுண்ணிய கசிவைக் காண, பம்புக்கு முன்னுள்ள வால்வையும் மூடி அழுத்தமானியை நோக்குக. வழியின் கொள்ளளவு அரை லிட்டராகவும், அழுத்தம் நிமிஷத்துக்கு 10 மில்லிபார் ஏறுவதாகவும் இருந்தால், பெங்களூரின் காற்றழுத்தமாகிய 910 மில்லிபாரால் வகுத்து, கசிவு நிமிஷத்துக்கு ஐந்தரை மில்லிலிட்டர் எனப் பெறலாம். ஓட்டம் ஒரு லிட்டராயின் இது அரை சதவீதம். பல பணிகளுக்குப் பொறுக்கத்தக்கது.

எல்லாவற்றிலும் நம்பத்தக்க சோதனை, அளவறிந்த தரவாயுவை இருவகையில் செலுத்துவதாகும்: ஒருமுறை நேரே கருவிக்குள், மறுமுறை மாதிரி எடுக்கும் முனையிலிருந்து முழு வழியாக. இரு அளவும் ஒத்தால் வழி செம்மையானது. நேரே செலுத்திப் பார்த்து, கருவி சரியாக இருக்கிறது என்று கையெழுத்திடுவது பெருவழக்காக உள்ளது. கருவி சரிதான், ஐயம் கருவியைப் பற்றியதன்று.

பெங்களூருக்கே உரிய ஒரு செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் அளவைக் கொண்டு கார்பன் மானாக்ஸைடை அளக்கும் கருவி, கலத்திலுள்ள மூலக்கூறுகளின் நெருக்கத்தையே உணர்கிறது. சென்னையில் சரிபார்த்த கருவியை அழுத்தத் திருத்தமின்றிப் பெங்களூருக்குக் கொண்டுவந்தால் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். உருளையில் அடைத்த தரவாயுவின் விகிதம் ஊருக்கு ஊர் மாறாதாகையால், நிறுவிய இடத்திலேயே சரிபார்த்தால் இப்பிழை தீரும். ஆனால் அதன்பின் ஒருவர் கருவியின் வெளிவாயில் குறுகிய இணைப்பொன்றை மாட்டினால், கலத்தினுள் அழுத்தம் ஏறி அளவும் ஏறும். 10 மில்லிபாருக்கு ஒரு சதவீதத்துக்கு மேல். வெளிவாயில்தானே என்று கருதி அதன் அளவை மாற்றுதல் கூடாது.

கசிவை மறைக்கும் கணக்கு

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மாசு மிகுந்த பதினேழு வகைத் தொழில்கள் தம் புகையையும் கழிவுநீரையும் இடையறாது அளக்கும் கருவிகளை நிறுவச் செய்யுமாறு மாநில வாரியங்களுக்குக் கட்டளையிட்டது. அதன்பின் இத்தகைய மாதிரிக் குழாய்கள் நாடெங்கும் பெருகின. புகைபோக்கி அளவைக் குறித்த ஆக்ஸிஜன் நிலைக்குத் திருத்திக் கூறுவது வழக்கம். அதில் ஒரு நுட்பம் உள்ளது. புகையில் 3 சதவீத ஆக்ஸிஜன் இருக்க, ஐந்து பங்கு காற்று கசிந்தால் கருவி 3.9 காட்டும், மாசின் அளவு 1000 என்பது 950 ஆகும். திருத்தக் கணக்கில் மாசின் அளவை, 20.9-லிருந்து ஆக்ஸிஜனைக் கழித்துவரும் எண்ணால் வகுப்பர். கசிவால் மேலுள்ளதும் கீழுள்ளதும் ஒரே விகிதத்தில் குறைவதால், விடை முன்போலவே வரும். இணைப்பு கசிவதை இறுதி எண் காட்டிக்கொடுப்பதேயில்லை. ஆனால் கசிவு, ஆக்ஸிஜன் கருவிக்குப் பிரியும் கிளையில் மட்டும் இருந்தால் கணக்குக் கோணும். தொழிற்சாலை செய்யாத குற்றத்துக்கு ஆளாகும். மாசுக் கருவியின் கிளையில் மட்டும் இருந்தால், செய்த குற்றத்திலிருந்து தப்பும்.

கொதிகலனை இயக்குவோருக்கோ எவ்விடத்துக் கசிவும் கேடே. உண்மையில் ஆக்ஸிஜன் 2 சதவீதமாக இருக்க, கசிவால் கருவி 4 காட்டுகிறதென்க. காற்று மிகை என்று கருதி, இயக்குபவர் கருவி 3 காட்டும்வரை காற்றைக் குறைப்பார். அப்போது உலையினுள் எஞ்சியிருப்பது 0.9 சதவீதமே. எரிபொருள் முழுதும் எரியாமல் புகை கறுக்கும். கார்பன் மானாக்ஸைடு பெருகும். அவர் கருவியை நம்பியே செய்தார்.

வேலை முடிந்ததும் கருவிப் பதிவேட்டில் எழுதவேண்டியவை சில: மாற்றிய இணைப்பு வழியில் எத்தனையாவது என்பது, அதன் அளவும் செய்தவர் பெயரும், புதியதா முன்பு மாட்டியதா என்பது, சோதனையில் கண்ட அழுத்த ஏற்றம், தரவாயுவை இருவழியிலும் செலுத்திப் பெற்ற இரு எண்கள். டெப்லான் குழாயில் பொருத்திய இணைப்பாயின், அப்பொருள் அழுத்தத்தில் மெல்ல நெகிழும் இயல்புடையதாகையால், ஒரு வாரம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டிய தேதியையும் அதே வரியில் குறித்துவைத்தல் வேண்டும்.